கருவுறாத தவளை முட்டை ஏன் மடிகிறது?

(உயிரியல் மன்ற மாணவியர், மேல்நிலை இரண்டாம் ஆண்டு)

கல்லறைத் திருநாளன்று மாலையில் தொடங்கிய மழை இரவு முழுவதும் விடவில்லை. எங்கள் விடுதியின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்கு அப்பால் இருக்கும் பள்ளம் ஒரே இரவில் குட்டையாகிவிட்டது. அன்றிரவு நாங்கள் உறங்கினோம் என்று சொல்வதற்கில்லை. அவ்வளவு தவளைச் சத்தம். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து திரும்பும்போது எட்டிப் பார்த்தோம். நீரோரப் புல்லில் ஜவ்வரிசிக் கஞ்சியைக் கொட்டி வைத்தாற்போல் முட்டைக் குவியல்கள்! ஒவ்வொரு மணியின் நடுவிலும் கடுகளவில் ஒரு கறுப்புப் புள்ளி.

சிஸ்டரிடம் அனுமதி பெற்று, தேங்காய்ச் சிரட்டையால் இரண்டு குவியல்களை அள்ளினோம். ஒன்றை அகன்ற மண்சட்டியிலும் மற்றொன்றை வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலிலும் குட்டை நீரோடு வைத்து ஆய்வுக்கூடத்து ஜன்னலோரம் நிறுத்தினோம். கைலென்ஸ் வழியாகப் பார்த்தபோதுதான் எல்லா முட்டைகளும் ஒன்றுபோல் இல்லை என்பது தெரிந்தது. பெரும்பாலானவற்றில் கறுப்பு நிறம் கீழ்வரை பரவி, வெண்மை அடியில் ஒரு சிறு பொட்டாக ஒடுங்கியிருந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில முட்டைகள் மட்டும் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளுப்பு என்று அப்படியே நின்றன. அவற்றிலும் சிலவற்றின் கறுப்பின்மேல் சாம்பல் தூவினாற்போல் திட்டுகள். மாலைக்குள் அவை உப்பி வெளுத்துவிட்டன. மறுநாள் காலையில் மற்றவை வால் முளைத்துக் காற்புள்ளி வடிவில் நெளிய, வெளுத்தவை வெளுத்தபடியே கிடந்தன.

வேடிக்கை பார்க்க வந்த ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அக்கா, நீங்க சிரட்டையால அள்ளினதாலதான் இதெல்லாம் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு அழவே தொடங்கிவிட்டாள். எங்களால் அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. உண்மையிலேயே நாங்கள்தான் கொன்றோமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே.

முதலில் எங்களுக்குள் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். உணவில்லாமல் செத்திருக்கும் என்றாள் ஒருத்தி. நீர் கெட்டிருக்கும் என்றாள் மற்றொருத்தி. கிருமி புகுந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. சிஸ்டர் மூன்றையும் கரும்பலகையில் எழுதி, "பக்கத்து முட்டையைப் பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். பக்கத்து முட்டையைப் பார்த்ததும் முதல் இரண்டும் விழுந்துவிட்டன. தலைப்பிரட்டை பொரிந்து வெளிவரும்வரை வேண்டிய உணவு முழுவதும் முட்டைக்குள்ளேயே மஞ்சள் கருவாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. வெளுத்த முட்டைக்கும் அதே பங்கு கிடைத்திருந்தது. நீரும் ஒரே நீர்தான். ஒட்டிக்கொண்டிருந்த முட்டை அதே நீரில் உயிரோடு வளர்ந்தது. மூன்றாவது காரணம் சற்றுச் சிக்கலானது. அதற்குப் பிறகு வருவோம்.

எங்கள் சிரட்டையின்மீது விழுந்த பழிக்கும் பதில் கறுப்பும் வெளுப்பும் நின்ற விதத்திலேயே இருந்தது. கருவுற்ற முட்டை பலமுறை பிளந்து பெருகிய பிறகே கறுப்புப் பகுதி கீழே இறங்கி வெண்மையை மூடத் தொடங்கும். காலையில் நாங்கள் அள்ளியபோதே நல்ல முட்டைகள் அந்த நிலையை எட்டிவிட்டிருந்தன. வெளுத்தவை அந்த வழியில் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்கவில்லை. ஆகவே வளர்ந்து கொண்டிருந்ததை நாங்கள் நிறுத்தவில்லை. அவை வளரவே தொடங்கவில்லை. (ஒன்றிரண்டு கருவுற்றபின் நின்றுபோனவையாகவும் இருக்கலாம் என்றார் சிஸ்டர். நியாயந்தான்.) தங்கையிடம் இதை லென்ஸ் கொடுத்துக் காட்டியபின்தான் அவள் சமாதானமானாள். ஆனால் எங்களுக்கு அப்போதுதான் உண்மையான கேள்வி எழுந்தது. வளரத் தொடங்காத முட்டை அப்படியே சும்மா இருந்தால் என்ன? விதை நெல் குதிருக்குள் மாதக்கணக்கில் கிடக்கிறதே! இது ஏன் இரண்டு நாள்கூடத் தாங்காமல் மடிகிறது?

தவளைகளில் கருவுறுதல் தாயின் உடலுக்கு வெளியே, நீரில் நடக்கிறது என்பதை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். பெண் தவளை முட்டைகளை இடும்போதே, அதன் முதுகைப் பற்றியிருக்கும் ஆண் தவளை விந்துநீரை அவற்றின்மேல் செலுத்துகிறது. முட்டையைச் சுற்றியுள்ள கூழுறை நீர்பட்டவுடன் உப்பத் தொடங்கும். அது உப்ப உப்ப விந்தணு உள்ளே செல்வது கடினமாகிறது. நீரில் விழுந்த சிறிது நேரத்திலேயே வாய்ப்பு குறைந்துவிடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பெருமழையில், நீரோட்டத்தில், ஒரு குவியலில் சில முட்டைகள் தப்பிப்போவதில் வியப்பில்லை.

இதை முதன்முதலில் சோதனையால் காட்டியவர் ஒரு குருவானவர் என்பது எங்களுக்குப் புதிய செய்தி. இத்தாலியில் ஸ்காண்டியானோ என்னும் ஊரில் 1729-ல் பிறந்த லாசரோ ஸ்பல்லான்சானி, பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் காலத்தில் முட்டை எப்படி உயிர் பெறுகிறது என்பதைப் பற்றி ஆளுக்கொரு கொள்கை வைத்திருந்தார்கள். அவரோ ஆண் தவளைகளுக்கு டஃபெட்டா என்னும் பட்டுத் துணியில் சிறு காற்சட்டை தைத்துப் போட்டுவிட்டார்! பிரான்சில் ரியோமூர் இதே முயற்சியை முன்னரே செய்து வெற்றி காணாமல் விட்டிருந்தார். ஸ்பல்லான்சானியின் காற்சட்டைத் தவளைகள் வழக்கம்போல் பெண் தவளைகளைப் பற்றிக்கொண்டன; பெண் தவளைகளும் முட்டையிட்டன; ஆனால் அம்முட்டைகள் வளரவில்லை. காற்சட்டையில் தங்கியிருந்த துளிகளை எடுத்து வேறு முட்டைகளின்மேல் தடவினார். அவை தலைப்பிரட்டைகளாயின. 1780-ல் வெளிவந்த அவருடைய நூலில் இச்சோதனைகள் இடம்பெற்றுள்ளன. (காற்சட்டைக்கு அளவெடுத்தது யார் என்று எங்கள் வகுப்பில் நடந்த விவாதத்தை இங்கே எழுதவில்லை.)

இத்தனை கெட்டிக்காரரும் ஓரிடத்தில் சறுக்கினார். அந்த நீரில் நீந்தும் நுண்ணுயிர்கள் போன்றவற்றுக்கு இதில் பங்கில்லை என்றே அவர் கடைசிவரை நம்பினார். வடிதாளில் வடித்த நீருக்கு ஆற்றல் போய்விடுவதைத் தம் கண்ணாலேயே கண்டும் நம்பினார். 1824-ல் ஜெனீவாவில் பிரெவோஸ்ட், டூமா என்னும் இருவர் அதே வடிகட்டும் சோதனையைத் திரும்பச் செய்து, முட்டைக்கு வேண்டியது அந்த நீந்தும் விந்தணுதான் என்று நிலைநாட்டினார்கள்.

இனி முட்டையின் உள்ளே நுழைவோம்.

தவளையின் அண்டகத்தில் இளம் முட்டைகள் நெடுங்காலம் உறக்கத்தில் இருக்கின்றன. இனப்பெருக்கக் காலம் வந்ததும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் அவை விழித்து முதிர்கின்றன. தம் குரோமோசோம்களைப் பாதியாக்கிக்கொள்ளும் குன்றல் பகுப்பைத் தொடங்குகின்றன. ஆனால் முடிப்பதில்லை. இரண்டாம் பகுப்பின் நடுவில், குரோமோசோம்கள் எல்லாம் நடுக்கோட்டில் அணிவகுத்து நிற்கும் நிலையில், முட்டை அப்படியே நின்றுவிடுகிறது. காலை வழிபாட்டுக்கு வரிசையில் நின்றுவிட்டு மணியை எதிர்பார்த்திருக்கும் நம்மைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். தவளை இடுவது இந்த நிலையில் உள்ள முட்டையைத்தான்.

அதை நிற்க வைப்பது எது? 1971-ல் யோஷியோ மசூயி, கிளமெண்ட் மார்க்கெர்ட் இருவரும் அமெரிக்காவின் சிறுத்தைத் தவளையில் செய்த சோதனை மிக எளிமையானது. கருவுறாத முட்டையின் உட்பொருளைச் சிறிது உறிஞ்சியெடுத்து, இரண்டு உயிரணுக்களாகப் பிரிந்திருந்த ஒரு கருவின் ஒரு பாதிக்குள் செலுத்தினார்கள். செலுத்தப்பட்ட பாதி பிளவதை நிறுத்திவிட்டது. மறுபாதி தன்பாட்டுக்குப் பிளந்துகொண்டே போயிற்று. ஆகக் காத்திருக்கும் முட்டைக்குள் "நில்" என்று சொல்லும் ஒரு பொருள் இருக்கிறது. அதை நிறுத்தும் காரணி என்போம். அதே ஆய்வில், முட்டையை முதிரவைத்துப் பகுப்பு நிலையில் வைத்திருக்கும் இன்னொரு பொருளையும் கண்டார்கள். அதை முதிர்விக்கும் காரணி என்போம். முதிர்விக்கும் காரணி முட்டையைப் பகுப்பின் நடுவில் வைத்திருக்கிறது. அது குறைந்துவிடாதபடி நிறுத்தும் காரணி காவல் காக்கிறது. இதுவே முட்டையின் காத்திருப்பு.

விந்தணு நுழைந்தவுடன் நிகழ்வதைக் கண்ணால் காண முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! முட்டைச் சவ்வின் மின்னழுத்தம் நொடிகளில் மாறி, இரண்டாவது விந்தணு நுழையாதபடி தடுக்கிறது. நுழைந்த இடத்திலிருந்து கால்சியம் அலையொன்று கிளம்பி, சில நிமிடங்களில் முட்டையின் மறுகோடிவரை பரவுகிறது. குளத்தில் கல் எறிந்தால் வட்டம் விரிவதுபோல. அலை செல்லும் வழியெங்கும் முட்டையின் மேற்பரப்பிலுள்ள நுண்பைகள் வெடித்து, முட்டையை ஒட்டியிருந்த உறை விலகித் தூக்குகிறது. விடுபட்ட முட்டை உள்ளே உருண்டு, கனமான மஞ்சள் கருப்பகுதி கீழும் கறுப்புப் பகுதி மேலுமாக நிமிர்கிறது. முட்டையிட்டுச் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு குவியல் முழுவதும் கறுப்பாகத் தெரிந்தால் கருவுற்றது என்று ஆய்வுக்கூடங்களில் சொல்வது இதனால்தான். உள்ளேயோ, அதே கால்சியம் நிறுத்தும் காரணியின் முக்கிய உறுப்பான எமி-2 என்னும் புரோட்டீனை அழிக்க வழி செய்கிறது. காவல் போனதும் முதிர்விக்கும் காரணி சிதைகிறது. நின்றிருந்த பகுப்பு முடிகிறது. ஆப்பிரிக்க நகத் தவளையில் சுமார் 90 நிமிடத்தில் முதல் பிளவு. அதன்பின் ஏறத்தாழ அரைமணிக்கு ஒன்றாக அடுத்தடுத்த பிளவுகள்.

விந்தணு வராவிட்டால்? நாங்கள் எதிர்பார்த்த பதில், முட்டை நின்ற நிலையிலேயே நின்று நின்று, வலுவிழந்து, அழுகிப்போகும் என்பதுதான். அது தவறு.

2011-ல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் டோக்மகோவும் அவருடைய குழுவினரும், நகத் தவளை இயல்பாக இட்ட கருவுறாத முட்டைகளைப் பலவிதச் சூழல்களில் வைத்து மணிக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது இது: மணியை யாரும் அடிக்கவில்லை, ஆயினும் முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை தாமாகவே வரிசையைக் கலைத்துவிட்டன. முதிர்விக்கும் காரணியும் நிறுத்தும் காரணியும் ஆற்றல் இழந்தன. விந்தணு வந்ததுபோலவே பகுப்பு நிலையிலிருந்து முட்டை வெளியேறியது. அதன் பிறகே மரணம் தொடங்கியது. அந்த மரணமும் தாறுமாறான அழிவன்று. ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்கான படிகளில் நடந்தது.

முதற்படி மைட்டோகாண்ட்ரியாவில். உயிரணுவின் ஆற்றல் நிலையம் என்று நாம் படிக்கும் அந்த உறுப்பிலிருந்து சைட்டோகுரோம் சி என்னும் புரோட்டீன் வெளியே கசிகிறது. தன் இடத்தில் இருக்கும்வரை அது ஆற்றல் உற்பத்திக்கு உழைக்கும் தொழிலாளி. வெளியே வந்துவிட்டால் அதுவே அபாய அறிவிப்பு. அந்த அறிவிப்பைக் கேட்டு, முட்டைக்குள் அதுவரை செயலற்றிருந்த காஸ்பேஸ் என்னும் வெட்டும் நொதிகள் விழிக்கின்றன. உயிரணுவின் புரோட்டீன்களை நறுக்கத் தொடங்குகின்றன. உயிரணுவின் செலவுப் பணமாகிய ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது. உட்பொருள் வரவரப் புளிப்பேறுகிறது. உட்கருப் பொருளும் சிதைகிறது. நல்ல நிலையில் உள்ள முட்டை, சுற்றியுள்ள உப்பு குறைந்த நீர் தன்னுள் புகுந்துவிடாமல் காத்துக்கொள்ளும். அதற்கும் ஆற்றல் வேண்டும். செலவுக்கு இல்லாத முட்டை நீர் வாங்கி உப்புகிறது. எங்கள் மண்சட்டியில் மாலைக்குள் உப்பி வெளுத்தவை இந்தக் கடைசிப் படியில் இருந்தவையே. கோபே ஆய்வில் முட்டை வெளிப்பட்ட 48 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் ஊர் வெயிலில் அதற்கும் குறைவாகவே ஆயிற்று.

இத்தகைய ஒழுங்கான மரணத்துக்கு அறிவியலார் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1972-ல் கெர், வில்லி, கரி என்னும் மூவர் வழங்கிய பெயர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் மறைவதும் இவ்வழியில்தான். வால் அழுகி விழுவதில்லை. உயிரணுக்கள் தம்மைத் தாமே கலைத்துக்கொள்கின்றன.

இவற்றையெல்லாம்விட எங்களைச் சிந்திக்க வைத்தது அதே ஆய்வில் இருந்த மற்றொரு செய்தி. அண்டகத்தில் உறங்கும் முதிராத முட்டைகளில் இந்த மரணப் படிகள் எதுவும் தென்படவில்லை. அவற்றுக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்து முதிரச் செய்தால், அப்போதுதான் அவை இவ்வகை மரணத்துக்கு ஆளாகக் கூடியவை ஆகின்றன. இரண்டு காரணிகளும் ஆற்றலோடு இருக்கும்வரை முதிர்ந்த முட்டையிலும் மரணம் தொடங்குவதில்லை. முட்டையை வழக்கத்துக்கு முன்பே காத்திருப்பிலிருந்து வெளியேறச் செய்தால் மரணமும் முன்பே வருகிறது. அதாவது கருவுறத் தகுதி பெறுவதும் மடியத் தகுதி பெறுவதும் முட்டைக்கு ஒரே நாளில், ஒரே ஹார்மோனால் வருகின்றன. விதை நெல் காத்திருக்கும், முதிர்ந்த முட்டை காத்திருக்காது என்பதன் காரணம் இங்கே இருக்கிறது. விதை உறங்குகிறது. தவளை இடும் முட்டை உறங்கவில்லை. ஓட்டப் பந்தயக் கோட்டில் காலை ஊன்றி நிற்கிறது.

அதே 2011-ல் பாரிஸில் டேவிட் டு பாஸ்கியே, ஓட் டூப்ரே, காத்தரின் ஜெசியூ ஆகியோரும் இதே தவளையில் ஆராய்ந்து, கருவுறாத முட்டைகள் 72 மணி நேரத்துக்குள் இவ்வகையிலேயே மடிவதைக் கண்டனர். தாயின் உடலுக்குள்ளேயே தங்கிவிட்ட முட்டைகளும் அவ்வாறே மடிந்தன. ஆக, குட்டை நீரோ கிருமியோ இதற்கு வேண்டியதே இல்லை! அவர்களுடைய விளக்கப்படி, வெளிப்பட்ட ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு மரணக் கடிகாரம் தாய் கொடுத்த சீதனமாகவே இருக்கிறது. கருவுறுதல் அதை நிறுத்துகிறது. கருவுறாவிட்டால் அது ஓடி முடிகிறது.

அப்படியானால் விந்தணு கொண்டுவருவது எழுப்புதல் மட்டுமா? இதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கிடைத்திருக்கிறது. 1910-ல் பிரெஞ்சு அறிஞர் யூஜின் பட்டாயோன், கருவுறாத தவளை முட்டைகளை மிக நுண்ணிய ஊசியால் குத்தினார். குத்திய முட்டை விழித்தது, உறை விலகியது, உருண்டு நிமிர்ந்தது. ஆனால் வெறும் ஊசியால் குத்தியவை ஒழுங்காகப் பிளக்காமல் நின்றுவிட்டன. இரத்தம் தோய்த்த ஊசியால் குத்தியபோது, உள்ளே சென்ற இரத்த உயிரணுவின் துணையால் சில முட்டைகள் பிளந்தன. அவற்றிலும் மிகச் சிலவே தலைப்பிரட்டையாயின. விந்தணு மணியையும் அடிக்கிறது. பிளவுக்கு வேண்டிய நுண்ணுறுப்பையும் தந்தையின் குரோமோசோம்களையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. எழுப்பிவிட்டு வேறொன்றும் தராத ஊசியும், தானே எழுந்துவிட்ட முட்டையும் இந்தக் குறையில்தான் சிக்குகின்றன.

இயற்கை ஏன் இப்படி அவசரப்படுகிறது என்று கேட்கலாம். இன்னும் சிலநாள் காத்திருக்க விட்டால் என்ன கேடு? கேடு உண்டு என்பதற்குப் பழைய சான்றுகள் உள்ளன. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஹெர்ட்விக், அவருக்குப்பின் எமில் விட்ஷி ஆகியோர், தவளை முட்டைகளை வேண்டுமென்றே தாமதித்துக் கருவுறச் செய்து பார்த்தனர். முட்டை பிந்தப் பிந்த, பிறந்த தலைப்பிரட்டைகளில் குறையுள்ளவை பெருகின. மூப்படைந்த முட்டை உயிர் பெற்றாலும் நேராக வளர்வது அரிது. எனவே கெட்டுப்போன முட்டை தானே ஒதுங்கிக்கொள்வது இனத்துக்கு நன்மை என்று எண்ண இடமிருக்கிறது. அதை உறுதியான முடிவாகக் கொள்ளாமல், பொருந்தும் விளக்கம் என்ற அளவில் நாங்கள் ஏற்கிறோம். மனிதர்களிலும் முட்டை வெளிப்பட்டபின் அதன் வாழ்நாள் ஏறத்தாழ ஒரே நாள்தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடுதிப் பார்வை நேரத்தில் எங்களில் ஒருத்தியின் தாயார் முறுக்குச் சம்படத்தோடு வந்தார். ஜன்னல் வழியே சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் இவ்வளவு படிக்கணுமா? கூமுட்டைடீ இது" என்றார். கோழியை அடைவைத்த ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கு வெளிச்சத்துக்கு நேரே முட்டையைப் பிடித்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடாததைத் தனியே எடுத்துவிடுவாராம். அவர் சொன்னது சரியே. ஆனால் எங்களுக்கு மேலும் ஒரு சந்தேகம் வந்தது: கடையில் வாங்கும் கோழிமுட்டையும் கருவுறாததுதானே, அது மட்டும் பல வாரம் கெடாமல் இருப்பது எப்படி? சிஸ்டர் விளக்கினார். கோழிமுட்டையில் உயிருள்ள பகுதி மஞ்சள் கருவின்மேல் இருக்கும் ஒரு சிறு வெண்புள்ளி மட்டுமே. அது சத்தமில்லாமல் மடிந்துவிடுகிறது, நமக்குத் தெரிவதில்லை. மற்றதெல்லாம் சேமித்த உணவு. ஓடு கிருமியை எளிதில் விடாது. அதை மீறி நுழைந்தாலும் வெள்ளைக் கருவில் பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைம் காத்திருக்கிறது. தவளை முட்டைக்கு ஓடு இல்லை, கூழுறை மட்டுமே. அதனால் அதன் மரணம் ஊரறிய நடக்கிறது.

முன்னர் நிறுத்தி வைத்த கிருமிக்கு இப்போது வருவோம். இதில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மண்சட்டியிலிருந்த வெளுத்த முட்டைகளைச் சனிக்கிழமை காலையிலேயே மைநிரப்பியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். கண்ணாடிப் பாட்டிலில் எடுக்கவில்லை. நேரமில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று ஒருவர்மேல் ஒருவர் விட்டுவிட்டோம். திங்கட்கிழமை சட்டியில் தலைப்பிரட்டைகள் ஓரத்தைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தன. பாட்டிலிலோ பஞ்சுப் பொதி ஒன்று மிதந்தது. சப்ரோலெக்னியா என்னும் வகையைச் சேர்ந்த நீர்ப்பூசணம் என்றார் சிஸ்டர். நீரில் எங்கும் இருக்கும் அதன் வித்துகள் முதலில் செத்த முட்டையில்தான் வேர்கொள்ளும். அங்கே கொழுத்தபின் நூல்களை நீட்டிப் பக்கத்திலிருக்கும் உயிருள்ளவற்றையும் பின்னிவிடும். பொதியைப் பிரித்துப் பார்த்தோம். வால் முளைத்து, கண் தெரியும் நிலைவரை வளர்ந்த பல கருக்கள் பொரிய வழியில்லாமல் உள்ளேயே மடிந்திருந்தன. கருவுறாத முட்டையைப் பூசணம் கொல்லவில்லை. அது செத்த பிறகு வந்தது. ஆனால் இவற்றைக் கொன்றது பூசணமும், அதற்கு இரண்டு நாள் இடம் கொடுத்த எங்கள் சோம்பலும். ஆறாம் வகுப்புத் தங்கைக்கு இதையும் மறைக்காமல் சொன்னோம். இம்முறை அவள் அழவில்லை. "அப்பவே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பேனே அக்கா" என்றாள்.

சட்டியில் பிழைத்த தலைப்பிரட்டைகளைப் புதன்கிழமை மாலை குட்டையிலேயே கொண்டுபோய் விட்டோம். இந்தப் பாடத்தில் நாங்கள் காணத் தவறியது, முட்டையிட்ட முதல் ஒரு மணி நேரத்தில் நல்ல முட்டைகள் உருண்டு நிமிர்வதும், மற்றவை விழுந்த வாக்கிலேயே கிடப்பதும். அதைக் காண வேண்டுமானால் தவளைகள் கூவும்போதே குட்டையருகே இருக்க வேண்டும். அடுத்த ஐப்பசி மழையில் இரவு பத்து மணிக்கு மேல் டார்ச்சும் குடையுமாகச் சென்றுவர விடுதிக் காப்பாளர் சிஸ்டரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டிருக்கிறோம். இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை.